24 அடி ஃபைபர் படகு, 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு: வேகமும் வேண்டும், பெட்ரோலும் மிச்சமாக வேண்டும், எந்த புரொப்பல்லர் பொருத்தலாம்?

நெட்டுக்குப்பத்துப் படகு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தில் 24 அடி ஃபைபர் படகு ஒன்று வைத்திருக்கிறோம். கொசஸ்தலை ஆற்றுக்குள் கட்டி வைத்து, எண்ணூர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போய் வருவது எங்கள் வழக்கம். எஞ்சின் இரண்டு சிலிண்டர் கொண்ட டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் அவுட்போர்டு, 9.9 குதிரைத்திறன். அண்ணன், சித்தப்பா, நான் என மூன்று பேர் போவோம். வலை, ஐஸ் பெட்டி, பெட்ரோல் டேங்க், தண்ணீர்க் கேன் ஆகியவை எப்போதும் படகில் இருக்கும்.

இப்போது மாட்டியிருக்கும் புரொப்பல்லர் மூன்று பிளேடு கொண்ட அலுமினியம். அதில் 9.25 × 9.75 என்று பொறித்திருக்கிறது. எஞ்சினோடு வந்தது அதுதான், இதுவரை மாற்றியதில்லை. விடியலில் போகும்போது ஓரளவு நன்றாகவே ஓடுகிறது. ஆனால் வலை நனைந்து, மீனும் ஏறித் திரும்பும்போது, திராட்டிலை முழுவதும் திருகினாலும் எஞ்சின் திணறுகிறது. சத்தம் கனமாக வருகிறதே தவிர, படகு அதற்கேற்ப நகர்வதில்லை. பெட்ரோல் செலவு கட்டுப்படியாகவில்லை. ஏலத்துக்கு நேரத்தோடு கரை சேரவும் முடிவதில்லை.

கேட்கும் இடமெல்லாம் வெவ்வேறு யோசனை சொல்கிறார்கள். பிட்ச் 11 உள்ளதைப் போட்டால் வேகம் பிடிக்கும் என்கிறார் ஒருவர். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் பெட்ரோல் குறையும் என்கிறார் இன்னொருவர். நான்கு பிளேடுதான் பாரத்துக்கு ஏற்றது என்று கடையில் சொன்னார்கள். ஒரு புரொப்பல்லர் வாங்கினால் அது எங்களுக்குப் பெரிய தொகை. வாங்கிப் பார்த்துவிட்டு வேறொன்று வாங்குவது முடியாத காரியம். எதை வைத்து முடிவு செய்வது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

காசிமேட்டுப் பட்டறை:

வணக்கம் தம்பி. எந்த புரொப்பல்லர் என்று யார் சொன்னாலும், உங்கள் எஞ்சின் பாரத்தோடு முழுத் திராட்டிலில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதைக் கேட்காமல் சொன்னால் அதை நம்ப வேண்டாம். புரொப்பல்லர் தேர்வு அந்த ஓர் எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது.

பொறித்திருக்கும் இரண்டு எண்களில் முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். பிட்ச் 9.75 என்றால், புரொப்பல்லர் ஒரு முறை முழுதாகச் சுற்றும்போது, நழுவல் ஏதும் இல்லாவிட்டால், 9.75 அங்குலம் முன்னேற வேண்டும் என்று பொருள். தண்ணீரில் நழுவல் இல்லாமல் இருக்கவே முடியாது. தண்ணீரின் மேல் எழும்பி ஓடும் லேசான படகில் 10 முதல் 15 சதவீதம் நழுவும். உங்கள் படகைப் போல தண்ணீரைப் பிளந்துகொண்டு பாரத்தோடு போகும் படகில் இது 50 சதவீதத்தைக்கூடத் தாண்டும்.

ஒவ்வோர் எஞ்சினுக்கும் முழுத் திராட்டிலில் இருக்க வேண்டிய சுற்று வரம்பைக் கையேட்டில் அச்சிட்டிருப்பார்கள். உங்கள் வகை டூ ஸ்ட்ரோக்கில் அது பெரும்பாலும் 4500 முதல் 5500 வரை இருக்கும். உங்கள் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். எஞ்சின் அந்த வரம்பை எட்டாமல் கீழேயே நின்றால் பிட்ச் அதிகம். வரம்பைத் தாண்டிக் கத்தினால் பிட்ச் குறைவு. 9.9 குதிரைத்திறன் என்பது அந்த வரம்புக்குள் சுற்றினால் மட்டுமே கிடைக்கும் சக்தி. 3800இல் முட்டி நிற்கும் எஞ்சினிலிருந்து அந்தச் சக்தி வெளியே வராது, காசு கொடுத்து வாங்கிய குதிரைத்திறனில் ஒரு பங்கு பயன்படாமல் கிடக்கிறது.

சரக்கு ஏற்றிய மீன்பாடி வண்டியை மேம்பாலத்தில் டாப் கியரிலேயே ஏற்றினால் எஞ்சின் என்ன பாடுபடுமோ, அதே பாடுதான் பிட்ச் கூடிய புரொப்பல்லரோடு பாரம் இழுக்கும் அவுட்போர்டும் படுகிறது. கார்புரேட்டர் முழுவதும் திறந்திருக்கும், பெட்ரோல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், ஆனால் சுற்று ஏறாது. நாளடைவில் பிஸ்டன் தலையிலும் புகைவழியிலும் கரி படியும், ரிங் ஒட்டிக்கொள்ளும், சூடு தாங்காமல் பிஸ்டனே கீறுபடும். எங்கள் பட்டறைக்கு வரும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களில் பிஸ்டன் போனவற்றைக் கழற்றும்போது, ஆயில் கலவைக்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது புரொப்பல்லரில் உள்ள எண்ணைத்தான்.

ஆகவே முதலில் அளந்து வாருங்கள். பிளக் ஒயரில் சுற்றிக் கட்டி எஞ்சின் சுற்றை அளக்கும் சிறிய டேக்கோமீட்டர் மலிவாகவே கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கை: சில இரட்டைச் சிலிண்டர் எஞ்சின்களில் ஒரே காயில் (மின்சுருள்) இரண்டு பிளக்குக்கும் சேர்த்துத் தீப்பொறி கொடுப்பதால், ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி விழும், மீட்டர் இரு மடங்கு காட்டும். 8000, 9000 என்று வந்தால் திகைக்க வேண்டாம், மீட்டரின் அமைப்பை மாற்றினால் சரியாகும். அளக்கும்போது மூன்று பேரும், நனைந்த வலையும், வழக்கமான பாரமும் இருக்க வேண்டும். வெறும் படகில் அளந்த எண் உங்களுக்கு எதற்கும் உதவாது. வேகத்தைக் கைப்பேசி ஜி.பி.எஸ். வைத்துப் பாருங்கள்.

கொரட்டூர் ஏரிப்பக்கம்:

நான் மீன்பிடிப்பவன் அல்லன். இதே 9.9 குதிரைத்திறன் எஞ்சினோடு 14 அடி நீளமுள்ள லேசான படகு வைத்திருக்கிறேன், பெரும்பாலும் இரண்டு பேர்தான் போவோம். எனக்கு பிட்ச் 9இலிருந்து 11க்கு மாறியதும் வேகம் நன்றாகவே கூடியது, பெட்ரோலும் குறைந்தது. அதனால் 11 போடச் சொன்னவர் தவறாகச் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

காசிமேட்டுப் பட்டறை:

உங்கள் அனுபவம் உங்கள் படகுக்கு முற்றிலும் சரி. 14 அடி லேசான படகு அந்த எஞ்சினில் தண்ணீர் மேல் எழும்பி ஓடும். பழைய பிட்ச்சில் உங்கள் எஞ்சின் வரம்பின் மேல் எல்லையைத் தொட்டுக்கொண்டோ தாண்டியோ சுற்றியிருக்கும்; பிட்ச் கூட்டியதும் வரம்புக்குள் இறங்கியது, ஒவ்வொரு சுற்றுக்கும் கூடுதல் தூரம் கிடைத்தது. கேள்வி கேட்ட தம்பியின் எஞ்சின் ஏற்கெனவே கீழே முட்டுவதாகத் தோன்றுகிறது. அதில் 11 போட்டால் சுற்று இன்னும் இறங்கும், வேகமும் இறங்கும். ஒரே எஞ்சின், இரண்டு படகு, நேர் எதிரான இரண்டு விடைகள்.

திருவொற்றியூர் ஃபைபர் வேலை:

புரொப்பல்லரைப் பற்றிப் பேசும் முன் எஞ்சின் எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். நான் படகு கட்டும் வேலையில் இருப்பவன். உயரம் தவறாக இருந்தால் எந்த புரொப்பல்லரும் சரியாக வேலை செய்யாது.

புரொப்பல்லருக்கு மேலே கிடைமட்டமாக ஒரு தகடு இருக்கும். மேலேயுள்ள காற்றும் புகையும் புரொப்பல்லருக்குள் இழுபடாமல் தடுப்பதற்காக அதை வைத்திருக்கிறார்கள். படகின் அடிமட்டத்தோடு நேராகவோ, அதற்கு ஓர் அங்குலம் கீழாகவோ அந்தத் தகடு இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால், அலையில் பின்பக்கம் தூக்கும்போதும் திருப்பும்போதும் புரொப்பல்லர் காற்றை விழுங்கும். எஞ்சின் திடீரென்று கத்தும், படகு நகராது. மிகவும் கீழே இருந்தால் எஞ்சினின் கால் முழுவதும் தண்ணீரில் இழுபட்டு வேகத்தைத் தின்னும். அவுட்போர்டு கால்கள் 15 அங்குலம், 20 அங்குலம் என்ற அளவுகளில் வருகின்றன. பின்பலகையின் உயரம் அதற்குப் பொருந்த வேண்டும். நம் பக்கம் பல படகுகளில் பின்பலகை தேய்ந்து போனதும் மரத்துண்டு வைத்து உயர்த்தி விடுகிறார்கள், அப்போது இந்த அளவு மாறிப்போகிறது. படகைக் கரையில் சமமாக நிறுத்தி, அடியில் ஒரு நேர்க்கோலைப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எஞ்சினின் சாய்வும் இதில் சேரும். புரொப்பல்லர் தள்ளும் திசை படகு ஓடும்போது தண்ணீர்மட்டத்துக்கு இணையாக இருக்க வேண்டும். சாய்வு ஊசியை ஒரு துளை முன்னும் பின்னும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். செலவே இல்லாத வேலை இது. பின்பக்கம் மட்டும் ஐஸ் பெட்டியும் டேங்கும் ஆளும் உட்கார்ந்தால் மூக்கு தூக்கிக்கொண்டு போகும், அதை எந்த ஊசியும் சரி செய்யாது. ஐஸ் பெட்டியை நடுவுக்குக் கொண்டு வாருங்கள்.

இன்னொன்று. நீங்கள் படகை ஆற்றுக்குள்ளேயே மிதக்க விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். மணலில் ஏற்றி வைக்கும் படகைவிட உங்கள் படகின் அடியில் பாசியும் கொட்டலசும் (ஒட்டி வளரும் ஓடுள்ள சிற்றுயிர்) விரைவாகப் பிடிக்கும். அதைச் சுரண்டாமல் புரொப்பல்லரை மட்டும் மாற்றினால் பலன் குறைவு. புரொப்பல்லரின் பிளேடிலேயே கொட்டலசு ஒட்டியிருக்கும் எஞ்சின்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். படகை நிறுத்தும்போது எஞ்சினைத் தூக்கி வைத்தாலே அது வராது.

நெட்டுக்குப்பத்துப் படகு:

மிக்க நன்றி. சொன்னபடி செய்தேன். தகடு அடிமட்டத்துக்கு முக்கால் அங்குலம் கீழே இருக்கிறது, அதில் பிரச்சினை இல்லை. அடியைச் சுரண்டிக் கழுவிவிட்டுத்தான் அளந்தேன். கையேட்டில் வரம்பு 4500 முதல் 5500 என்றும், கியர் விகிதம் 2.08 என்றும் இருக்கிறது. திரும்பும் பாரத்தோடு முழுத் திராட்டிலில் 3900 சுற்றுதான் வருகிறது. அன்று நீரோட்டம் தெண்டியாக (தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதாக) இருந்ததால், வடக்கே ஒரு முறையும் தெற்கே ஒரு முறையும் ஓடி இரண்டின் சராசரியை எடுத்துக்கொண்டேன்; வேகம் 7 நாட் (மணிக்கு 7 கடல்மைல்) வந்தது.

ஆற்றுவாயில் மணல் ஏறிக் கிடக்கிறது. வற்றுத் தண்ணீரில் அடி தட்டுவது எங்களுக்கு வழக்கமான ஒன்று. ஸ்டீல் போடலாமா என்பதையும் சொல்லுங்கள்.

காசிமேட்டுப் பட்டறை:

நன்றாக அளந்திருக்கிறீர்கள். இரு திசையிலும் ஓடிச் சராசரி எடுத்தது மிகவும் சரி; ஒரே பக்கம் ஓடிப் பார்த்துவிட்டு வண்ணி, தெண்டி என்ற நீரோட்டங்களைப் புரொப்பல்லரின் கணக்கில் எழுதுபவர்கள் உண்டு.

இப்போது கணக்குப் போடலாம். எஞ்சின் சுற்றைக் கியர் விகிதத்தால் வகுத்து, பிட்ச்சால் பெருக்கி, 1215ஆல் வகுத்தால் நழுவல் இல்லாத வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். 3900ஐ 2.08ஆல் வகுத்தால் 1875. அதை 9.75ஆல் பெருக்கி 1215ஆல் வகுத்தால் ஏறத்தாழ 15 நாட். உங்களுக்குக் கிடைப்பதோ 7. அதாவது பாதிக்கு மேல் நழுவுகிறது. 15 நாட் ஓடக்கூடிய லேசான படகுக்காக வார்த்த புரொப்பல்லர் உங்கள் படகில் இருக்கிறது என்பதே இதன் பொருள். உங்கள் எஞ்சினோடு பெட்டியில் வந்த புரொப்பல்லர் உங்கள் படகைப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததல்ல.

பிட்ச்சில் ஓர் அங்குலம் குறைத்தால் முழுத் திராட்டிலில் 150 முதல் 200 சுற்று வரை ஏறும் என்பது பொதுவான கணக்கு. பாரம் இழுக்கும் படகில் சிறிய எஞ்சினுக்கு அதைவிடக் கூடுதலாகவே ஏறுகிறது என்பது பட்டறையில் நான் பார்த்தது. உங்களுக்குக் குறைந்தது 600 சுற்று ஏற வேண்டும். அதனால் அதே 9.25 விட்டத்தில் பிட்ச் 8ஐ முதலில் போட்டுப் பாருங்கள். பிட்ச் 7 கிடைத்தால் உங்கள் திரும்பும் பாரத்துக்கு அது இன்னும் பொருந்தக்கூடும். நல்ல கடைக்காரர் என்றால், கீறல் படாமல் திருப்பிக் கொடுக்கும் நிபந்தனையில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கக் கொடுப்பார், கேட்டுப் பாருங்கள். வெறும் படகில் ஓடும்போது 5500ஐத் தாண்டாமல் திராட்டிலைச் சற்றுக் குறைத்துப் பிடித்தால் போதும். பாரத்தோடு வரம்பை எட்டுவதுதான் உங்களுக்கு முக்கியம்.

முகத்துவாரத்தை நினைத்தும் இதைச் சொல்கிறேன். அலை உடையும் இடத்தில், குறைந்த வேகத்திலிருந்து சட்டென்று படகை முன்னே தள்ளக்கூடியது பிட்ச் குறைந்த புரொப்பல்லர்தான். எஞ்சின் உடனே சுற்று ஏறும், அலைக்கு முன்னால் படகு நகரும். பிட்ச் கூடியது அந்த இடத்தில் திணறிக்கொண்டு நிற்கும். இரண்டு கிலோமீட்டர் வேகம் கூடுகிறதா குறைகிறதா என்பதைவிட, மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் படகு அலைக்கு நடுவே நிற்காமல் போகிறதா என்பது பெரிய விஷயம்.

ஸ்டீல் வேண்டாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறுதியானது, பிளேடை மெல்லியதாக வார்க்கலாம், பாரத்தில் வளையாது. வேகமாக ஓடும் பெரிய எஞ்சின்களில் அதனால் உண்மையான பலன் உண்டு. 7 நாட் வேகத்தில் அந்தப் பலன் மிகச் சிறியது, விலை வித்தியாசமோ பெரியது. மணலிலும் சிப்பிப் படுகையிலும் தட்டும்போது அலுமினியம் வளையும் அல்லது முனை உடையும். ஸ்டீல் வளையாது, அந்த அடியின் ஒரு பகுதி உள்ளே கியருக்கும் தண்டுக்கும் போகும். புரொப்பல்லரின் நடுவில் ரப்பர் புஷ் வைத்திருப்பது அந்த அடியைத் தாங்குவதற்காகத்தான் என்றாலும், ஆற்றுவாய் தட்டும் இடத்தில் வளைந்து கொடுக்கும் அலுமினியமே நல்லது.

பழவேற்காட்டுக் கரையோரம்:

பட்டறைக்காரர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அந்த ரப்பர் புஷ் பழசாகிவிட்டாலும் இதே அறிகுறியைப் போலத் தோன்றும், ஆனால் எதிர்த் திசையில். புஷ் நழுவினால் எஞ்சின் சுற்று ஏறும், படகு நகராது. மெதுவாக ஓட்டினால் ஓடும், திராட்டில் கொடுத்தால் நழுவும். நடுக்குழலிலும் உள்வளையத்திலும் சேர்த்து ஒரு நேர்க்கோடு வரைந்து வைத்து, ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், கோடு விலகியிருக்கிறதா என்று தெரியும். தம்பிக்குச் சுற்றே ஏறவில்லை என்பதால் அவருக்கு அது பிரச்சினை இல்லை. படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன், ஏனென்றால் புஷ் போனதைத் தெரியாமல் புது புரொப்பல்லரின் பிட்ச்சைக் குறைகூறுபவர்கள் இருக்கிறார்கள்.

நான்கு பிளேடைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நான்காவது பிளேடு அதிர்வைக் குறைக்கும், அலையில் பிடிப்பைக் கூட்டும், காற்றை விழுங்குவதைச் சற்றுத் தடுக்கும். அதே பிட்ச்சில் எஞ்சினுக்குப் பாரம் கூடும் என்பதால் சுற்று கொஞ்சம் இறங்கும். உங்கள் அளவு எஞ்சினுக்கு நான்கு பிளேடு கிடைப்பதும் அரிது, கிடைத்தாலும் விலை கூடுதல். மூன்று பிளேடிலேயே சரியான பிட்ச் கிடைக்கும்போது அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கடையில் வாங்கும்போது விட்டம், பிட்ச் ஆகிய எண்களுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் பாருங்கள். எந்தத் தண்டுக்குப் பொருந்தும் என்பதை அந்த எழுத்து குறிக்கும். அளவு ஒன்றாக இருந்தும் எழுத்து வேறாக இருந்தால் மாட்ட முடியாமல் திரும்பி வர வேண்டியிருக்கும். பழைய புரொப்பல்லரைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்ப் நடுத்துளையில் உள்ள பற்களை எண்ணிப் பார்த்து வாங்குவது நல்லது.

இராயபுரம் பொறியாளர்:

இந்த இழையில் வேகத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. பெட்ரோலைப் பற்றி நேராகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். சரியான புரொப்பல்லர் எஞ்சினைக் காப்பாற்றும், பாரத்தோடு வேகத்தை ஓரளவு கூட்டும். பெட்ரோலைப் பெரிதாக மிச்சப்படுத்துவது திராட்டில் பிடிக்கும் கை.

தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும் படகுக்கு அதன் நீர்மட்ட நீளத்தைப் பொறுத்து ஓர் இயல்பான வேக எல்லை உண்டு. நீர்மட்டத்தில் அளந்த நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அது நாட் கணக்கில் கிடைக்கும். உங்கள் 24 அடிப் படகின் நீர்மட்ட நீளம் 22 அடி என்று வைத்துக்கொண்டால், எல்லை ஏறத்தாழ 6.3 நாட். அதற்கு மேல் படகு தானே எழுப்பிய முன்னலையின் மேல் ஏற முயல்கிறது. பாரம் ஏற்றிய படகில் 9.9 குதிரைத்திறனால் அந்த அலையை ஏறிக் கடக்க முடியாது. கூடுதலாக ஊற்றும் பெட்ரோலின் பெரும்பகுதி பின்னால் அலையாகப் போகிறது. நீங்கள் இப்போது முழுத் திராட்டிலில் ஓடும் 7 நாட் அந்த எல்லைக்கு மேலே இருக்கிறது.

புரொப்பல்லரைச் சுழற்றத் தேவைப்படும் சக்தி, சுற்று எண்ணிக்கையின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி ஏறுகிறது. சுற்றை 20 சதவீதம் குறைத்தால், 0.8ஐ மூன்று முறை பெருக்கிய கணக்கில், தேவைப்படும் சக்தி ஏறக்குறைய பாதியாகிறது. புதிய புரொப்பல்லரில் உங்களுக்கு 4500 சுற்று வருகிறது என்று வைத்துக்கொண்டால், 3600இல் ஓட்டும்போது அதுதான் நடக்கும். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் குறைந்த திராட்டிலில் அத்தனை சிக்கனமாக எரிப்பதில்லை என்பதால் பெட்ரோல் அப்படியே பாதியாகிவிடாது. ஆனாலும் குறைவு கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கும்.

நேரத்தைப் பாருங்கள். 8 கடல்மைல் தூரத்தை 7.3 நாட்டில் கடக்க 66 நிமிடம் ஆகும்; 6 நாட்டில் 80 நிமிடம். வித்தியாசம் 14 நிமிடம். உங்கள் அளவு டூ ஸ்ட்ரோக் முழுத் திராட்டிலில் மணிக்கு 4 முதல் 5 லிட்டர் வரை குடிக்கும். போகும் வழியில் அவசரம் எதுவும் கிடையாது. அங்கே 6 நாட்டில் போங்கள். ஏலம் காத்திருக்கும் நாளில் திரும்பும்போது மட்டும் முழுத் திராட்டில் கொடுங்கள், அப்போது எஞ்சின் திணறாமல் கொடுப்பதற்குத்தான் சரியான பிட்ச் தேவை.

1980களில் சென்னையிலிருந்து இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் (ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் மீன்வளத் திட்டம்) சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவை ஆராய்ந்து எழுதியபோதும், வேகத்தைச் சற்றுக் குறைப்பதையே முதன்மையான வழிகளுள் ஒன்றாகச் சொன்னது. இந்தக் கடற்கரையின் படகுகளைப் பார்த்து எழுதியது என்பதால் அதன் மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

பெட்ரோல் கணக்கை நீங்களே எடுத்துப் பாருங்கள். டேங்கில் ஒரு கோடு போட்டு அதுவரை நிரப்பிக்கொண்டு புறப்பட்டு, ஜி.பி.எஸ். காட்டும் தூரத்தைக் குறித்துக்கொண்டு, கரைக்கு வந்த பிறகு அதே கோடுவரை அளவுக் குவளையால் ஊற்றினால் போதும். லிட்டருக்கு எத்தனை கடல்மைல் என்று எழுதி வையுங்கள். மணிக்கு எத்தனை லிட்டர் என்ற கணக்கு உங்களை ஏமாற்றிவிடும். மெதுவாகப் போனால் மணிக்கணக்கு எப்போதும் குறைவாகவே காட்டும்.

நெட்டுக்குப்பத்துப் படகு:

அனைவருக்கும் நன்றி. 9.25 × 8 அலுமினியம் கிடைத்தது. எழுத்தும் பற்களும் பொருந்தின. அதே பாரம், அதே மூன்று பேர், இரு திசையிலும் ஓடிய சராசரி: முழுத் திராட்டிலில் 4400 சுற்று, 7.3 நாட். வேகம் பெரிதாகக் கூடவில்லைதான், ஆனால் அந்தத் திணறல் சத்தம் போய்விட்டது. ஆற்றுவாயில் திராட்டில் கொடுத்தவுடன் படகு எடுக்கிறது என்று சித்தப்பா சொல்கிறார். போகும்போது 6 நாட்டில் பிடித்துப் போகிறோம். பெட்ரோல் கணக்கை எழுதத் தொடங்கியிருக்கிறேன். இப்போதைக்குக் குறைவதாகத்தான் தெரிகிறது, ஒரு பருவம் முழுவதும் எழுதிவிட்டு இங்கே பதிகிறேன்.

இரண்டு கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. 4400 என்பது வரம்புக்கு 100 குறைவு, இது பரவாயில்லையா? பழைய புரொப்பல்லரை விற்றுவிடலாமா?

காசிமேட்டுப் பட்டறை:

4400 நீங்கள் மிகுந்த பாரத்தோடு அளந்தது. சாதாரண நாளில் 4500ஐத் தாண்டிவிடும், அதனால் இப்போதைக்கு ஓட்டுங்கள். மழைக்காலத்தில் பாரம் கூடும் நாள்கள் அதிகம் என்றால் அடுத்த முறை 7ஐத் தேடுங்கள். பாரத்தோடு முழுத் திராட்டிலில் நெடுநேரம் பிடிப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

பழையதை விற்க வேண்டாம். பிளேடு விளிம்பில் உள்ள சொட்டைகளை அரத்தால் மெதுவாகச் சமன்செய்து, மூன்று பிளேடுக்கும் ஒரே அளவில் இருக்கும்படி பார்த்து, படகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிளேடு உடைந்தால் மெதுவாகக் கரை சேர அது போதும். அதோடு நட்டுக்கான ஸ்பேனர், மாற்றுக் காட்டர் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் ஊசி) இரண்டு, குறடு ஆகியவற்றை ஒரே பையில் கட்டி வையுங்கள். நடுக்கடலில் மாற்றும்போது எஞ்சினை நியூட்ரலில் வைத்து, அணைக்கும் சுவிட்சின் கயிற்றைக் கழற்றிவிட்டுத்தான் புரொப்பல்லரில் கை வைக்க வேண்டும்; இதில் அவசரம் காட்டி விரல் இழந்தவர்கள் நம் குப்பங்களில் இருக்கிறார்கள்.

புரொப்பல்லரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் தண்டின் பின்பக்கம் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். அறுந்த வலை நரம்பு அங்கே சுற்றிக்கொண்டு ஆயில் சீலை அறுத்துவிடும். கியர் ஆயிலில் உப்புத்தண்ணீர் ஏறி, ஆயில் வெளுத்துப் போயிருப்பதைக் கண்டால் சீலை உடனே மாற்ற வேண்டும். தண்டின் பற்களில் கிரீஸ் தடவி மாட்டுங்கள். தடவாமல் விட்டால் உப்பு பிடித்து இறுகிப் போகும், அடுத்த முறை சுத்தியலால் தட்டிக் கழற்ற வேண்டியிருக்கும், அந்தத் தட்டலிலேயே பிளேடு வளைந்துவிடும். கிரீஸும் புது காட்டர் பின்னும் அரை நாள் பெட்ரோல் காசுகூட ஆகாது.